காற்றாலை மழையை விரட்டுகிறதா? வள்ளியூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் ஏன் மழை இல்லை?

வள்ளியூர் சம்சாரி:
எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்த ஒரு பேச்சுதான். ஆனி பிறந்தாயிற்று. காலையில் எழுந்து மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி உச்சி தெரியவில்லை, அவ்வளவு மேகம். அது மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பணகுடி வந்து சேர்வதற்குள் காணாமல் போய்விடுகிறது. எங்களுக்கு மிஞ்சுவது காற்றும் புழுதியும். முருங்கைப் பூவெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. வாழை வைத்தவன் பாடு அதைவிட மோசம், இலை நார் நாராகக் கிழிந்து தொங்குகிறது.

ஊர்ப் பெரியவர்கள் அடித்துச் சொல்வது, காத்தாடி வந்த பிறகுதான் மழை போச்சு என்று. அத்தனை றெக்கையும் சுற்றி மேகத்தை விரட்டுகிறதாம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். 'மூடநம்பிக்கை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் போக வேண்டாம்.

செங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சி, இங்கே நாலைந்து நாளாகத் துணி காயவில்லை. வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கிறது, குற்றாலத்தில் கூட்டம் அள்ளுகிறது. வேலைக்காக பைக்கில் திருநெல்வேலி வருகிறவன் நான். தென்காசி தாண்டிப் பாவூர்சத்திரம் வரும்போதே நனைந்த சட்டை காய்ந்துவிடும். ஆலங்குளத்தில் கண்ணில் மண் விழும். பாளையங்கோட்டை வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் முகத்தில் அனல் அடிக்கும். அதே நாள், அதே மேல்காற்று.

எங்கள் பக்கம் காத்தாடி எல்லாம் நிற்பது ஈரம் தீர்ந்த இடத்துக்குப் பிறகுதான். அதனால் எனக்கு அதன்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் ஏன் இப்படி என்றால் 'மலை மறைக்குது' என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

தாமிரபரணித் தம்பி:
ஈரக்காற்று கனம் அதிகம். அதனால் மலையில் முட்டி அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. சிம்பிள்.

பாளை வாத்தியார்:
தம்பி, நேர்மாறு. நீராவியின் மூலக்கூறு எடை 18. காற்றில் பெரும்பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும், சராசரி எடை 29. கனமானதை விலக்கிவிட்டு லேசானது வந்து உட்காருவதால், ஒரே வெப்பத்தில் ஒரே அழுத்தத்தில் ஈரக்காற்றுதான் லேசு. புழுக்கத்தில் நமக்குத்தான் உடம்பு கனக்கிறது, காற்றுக்கு இல்லை.

'மலை மறைக்கிறது' என்பதும் எனக்குத் திருப்தி இல்லாத பதில். மறைத்தால் மேகம் இந்தப் பக்கம் எட்டியே பார்க்கக் கூடாது. சம்சாரி அண்ணாச்சி பார்த்ததோ மேகம் தாண்டி வருகிறது, வந்து கரைகிறது. அந்தக் கரைவதில்தான் விஷயமே இருக்கிறது.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும், தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் சூடாகும், விரியவிட்டால் குளிரும். மேலே போகப் போக அழுத்தம் குறைவு, எனவே மலையேறும் காற்று விரிந்து குளிர்கிறது. கீழே இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது. மேகம் இல்லாத காற்று என்றால் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி, ஏறினாலும் இறங்கினாலும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கேரளக் கரையில் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று மலையில் ஏறுகிறது. சுமார் 500 மீட்டரில் 23 டிகிரிக்கு வந்துவிடும். அதற்குமேல் அதனால் அத்தனை நீராவியையும் வைத்துக்கொள்ள முடியாது, மேகம் கட்டுகிறது. நீராவி தண்ணீராகும்போது, ஆவியாவதற்காக வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஒரு லிட்டருக்குச் சுமார் 2,450 கிலோஜூல், சின்னத் தொகை இல்லை. அந்த வெப்பம் உள்ளேயே கலப்பதால், மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 4 டிகிரி அளவுக்குத்தான் குளிர்கிறது. 1,500 மீட்டர் உச்சிக்குப் போகும்போது 19 டிகிரி. வழியில் விழுந்த மழை கேரளத்துக்கு.

இனி இறக்கம். மிச்சமிருக்கும் மேகத்துளி, இறங்க ஆரம்பித்த கொஞ்ச தூரத்தில் ஆவியாகிவிடும். பணகுடிக்குள் மேகம் காணாமல் போகிறது என்று அண்ணாச்சி சொன்னது இதைத்தான். அதன்பிறகு காற்றில் துளியே இல்லை. கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடாகிக்கொண்டே இறங்கும். பாளையங்கோட்டை மட்டத்துக்கு வரும்போது 33 டிகிரி, ஈரப்பதம் ஏறத்தாழ பாதி. 28-இல் ஏறியது 33-இல் இறங்குகிறது. மழையை அங்கே கொட்டிவிட்டு அதன் வெப்பத்தை மட்டும் நமக்குக் கொண்டுவருகிறது. இது வெயில் சேராத கணக்கு. மத்தியான வெயிலையும் சேர்த்தால் 37, 38 வந்துவிடும், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குப் போய்விடும்.

செங்கோட்டைக்குச் சாரல் கிடைப்பது, அங்கே மலை தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாக இருப்பதால். காற்று முழுசாகப் பிழியப்படாமலே உள்ளே வருகிறது. அதோடு மேகம் கரைய நேரம் பிடிக்குமல்லவா, அதற்குள் குற்றாலம் நனைந்துவிடுகிறது.

செங்கோட்டைக்காரன்:
அப்போ ஆரல்வாய்மொழியும் கணவாய்தானே சார்? வள்ளியூருக்கும் சாரல் விழ வேண்டுமே?

பாளை வாத்தியார்:
எப்போதாவது கணவாய் வாயை ஒட்டித் தூறும். ஆனால் மழைக்கு ஈரம் மட்டும் போதாது, காற்றை மேலே தள்ள ஏதாவது வேண்டும். ஆரல்வாய்மொழியில் காற்று நெருக்கிப் புகுந்து வேகம் பிடிக்கிறது. இந்தப் பக்கம் வந்ததும் ராதாபுரம், திசையன்விளை என்று விசாலமான சமவெளி, விரிந்து பரவிவிடுகிறது. பரவுகிற காற்று தாழும், ஏறாது. முப்பந்தலில் காற்றாலை நட்டதும் இந்த வேகத்துக்காகத்தான்.

அண்ணாச்சியின் கேள்விக்கு நேர்ப் பதில்: தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் வந்தது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சொன்னவன் அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியவன். காற்றாலையின் றெக்கை நுனி, இப்போதைய உயரமானதில்கூட 200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பழையது அதில் பாதிகூட இல்லை. மழை மேகத்தின் அடி 500 மீட்டருக்கு மேல், அங்கிருந்து பல கிலோமீட்டர் உயரம் போகும். எட்டவே எட்டாது.

அம்பை வயல்காரன்:
இதற்கு எங்கள் வயலே சாட்சி. கார், பிசானம் என்று இரண்டு போகம். கார் நெல் இந்த ஆனி, ஆடியில் வயலில் நிற்கிறது. அதற்கு வானத்தை நம்பி ஒருவனும் நாற்றுப் பாவுவதில்லை. மலையில் பெய்து ஆற்றில் வரும் தண்ணீரைக் கால்வாய் வழியாகப் பாய்ச்சித்தான் கார் போடுவது. பாபநாசம் அணையில் எத்தனை அடி என்றுதான் பேப்பரில் பார்ப்போம். ஆற்றுப்பாசனம் இல்லாத ஊரில், அந்தக் காலத்திலும் ஐப்பசி மழைக்குத்தான் காத்திருந்தார்கள். குளங்கள் எல்லாம் அதற்காக வெட்டியவை. சமவெளியில் ஆடி மழை கிடையாது என்று தெரிந்துதான் பாட்டன் பூட்டன் பாசனத்தையே அமைத்திருக்கிறான். அப்போது எங்கே இருந்தது காத்தாடி?

வள்ளியூர் சம்சாரி:
கார் விஷயம் யோசிக்க வைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாத்தியார் கணக்கில் எனக்கு ஓர் இடறல். மலை ஆனியில் இருப்பதுதான் ஐப்பசியிலும் இருக்கிறது. அப்போது மட்டும் எப்படி எங்களுக்குக் கொட்டுகிறது?

மாஞ்சோலைப் பிள்ளை:
இதற்கு நான் சொல்கிறேன். ஊத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கல்லிடைக்குறிச்சி. எங்களுக்கு இரண்டு மழையும் உண்டு. ஆடி மழை மேற்கே இருந்து வரும். மெல்லிசு, ஆனால் விடாது. கரியடுப்புக்கு மேல் கயிறு கட்டித்தான் துணி காயப்போடுவோம், பள்ளிக்கூடச் சட்டையில் புகைவாடை போகவே போகாது. ஐப்பசி, கார்த்திகை மழை வேறு சாதி. கிழக்கே மணிமுத்தாறு அணை பக்கமிருந்து இருட்டிக்கொண்டு மேலே ஏறி வரும். இடி உண்டு. ஒரே ராத்திரியில் ரோட்டை அறுத்துவிடும்.

அப்போது காற்று கடலில் இருந்து, அதாவது கிழக்கில் இருந்து வருகிறது. மலைக்கு முன்பக்கம் நாம்தான். ஏறுகிற பக்கத்துக்கு மழை, இறங்குகிற பக்கத்துக்குக் காற்று. ஆனியில் கேரளா எப்படியோ ஐப்பசியில் நாம் அப்படி. 1992 நவம்பர் 13 தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மலை மழையை மறைக்கிறதா வாங்கிக் கொடுக்கிறதா என்று தெரியும்.

பாளை வாத்தியார்:
ரொம்ப சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐப்பசியில் மலையடிவாரத்தில் இல்லாத ஊருக்கும் மழை உண்டு, காயல்பட்டினத்தில் மலையா இருக்கிறது? கடலில் தாழ்வு நிலை வந்தால் சுற்றியுள்ள காற்று அதை நோக்கி ஓடிவந்து குவியும். குவிகிற காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மலை செய்கிற வேலையை அப்போது காற்றழுத்தமே செய்துவிடுகிறது.

முத்துநகர் உப்பளம்:
எல்லோரும் மழை வேண்டும் என்று பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். தூத்துக்குடியில் உப்புக்கு முதலாளி இந்த மேல்காற்றுதான்.

பாத்தியில் கட்டியிருக்கும் தண்ணீர் 24, 25 டிகிரி வந்தால்தான் உப்பு இறங்கும். இது சூட்டின் டிகிரி இல்லை, உவர்ப்பு அளக்கும் மானியில் பார்ப்பது. மாசி, பங்குனியில் கடல்காற்று ஈரத்தோடு வரும் நாட்களில் வெயில் மண்டையைப் பிளந்தாலும் பாத்தி ஏறாது. அதே வெயிலுக்கு மேல்காற்று சேர்ந்துவிட்டால் சாயங்காலம் பாத்தி ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும், மேலே மெல்லிய ஏடு மிதக்கும். அதைக் கையால் தொட்டால் உடைந்து கீழே இறங்கும். வாத்தியார் சொன்ன 40 சதவீதக் காற்று எங்களுக்கு அப்படி வேலை செய்கிறது. தண்ணீரை உறிஞ்சப் பசியோடு வருகிறது, உறிஞ்சியதை உடனே கொண்டுபோய்விடுகிறது. தண்ணீர் உவர்க்க உவர்க்க ஆவியாவது மட்டுப்படும். அந்தக் கடைசிக் கட்டத்தில் காற்று இல்லாவிட்டால் தொழிலே இல்லை.

ஒரு நல்ல கோடை மழை பெய்தால் வாரக்கணக்கில் ஏற்றிய டிகிரி ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். சம்சாரி அண்ணாச்சி வேண்டிக்கொள்ளும்போது கொஞ்சம் திசை பார்த்து வேண்டிக்கொள்ளட்டும்!

மணப்பாடு கடலோடி:
கடல்காற்று என்றதும் வருகிறேன். சித்திரை, வைகாசியில் விடியற்காலம் தரைக்காற்று, வள்ளத்தைக் கடலுக்குத் தள்ளும். வெயில் ஏறிப் பதினோரு மணி வாக்கில் கடல்காற்று திரும்பும். கடிகாரம் பார்க்க வேண்டாம். ஆனி, ஆடியில் கச்சான், அதாவது இந்த மேல்காற்று, ஓங்கிவிட்டால் இந்த ஒழுங்கு கெட்டுவிடும், நாளெல்லாம் தரையிலிருந்தே அடிக்கும். கடல்காற்று தலைகாட்டாது.

தரைக்காற்றும் கடல்காற்றும் மாறி மாறி அடிப்பதற்குக் காரணம் என் மகன் பாடப்புத்தகத்தில் படித்துச் சொன்னான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும், காய்ந்த மணலுக்கு 0.8 போதும். சரிதான், ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது என்பேன். தேரியில் நடந்தவர்களுக்குத் தெரியும், மத்தியானம் அந்தச் சிவப்பு மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஒரு முழம் தோண்டினால் குளிர்ச்சி. வெயிலை மேல்தோலே வாங்கிவைத்துக்கொள்கிறது, உள்ளே விடுவதில்லை. கடலில் வெயில் ஆழத்துக்கு இறங்கும், அலை அதைக் கலக்கி இன்னும் கீழே கொண்டுபோகும். மேலே கொஞ்சம் ஆவியாகி அதிலும் சூடு போய்விடும். அதனால் மணல் பகலில் கொதித்து ராத்திரி ஆறிவிடுகிறது. கடல் நாளுக்கு ஒரு டிகிரி மாறினாலே பெரிது. அந்த வித்தியாசம்தான் எங்கள் பாய்க்குக் காற்று.

கரிசல்காட்டு அக்கா:
தேரியைச் சொல்லிவிட்டுக் கரிசலை விட்டுவிட்டீர்களே. விளாத்திகுளம் பக்கம் எங்கள் மண் கறுப்பு, வெயிலைத் திருப்பி அனுப்பாது. கோடையில் வெடித்துக் கிடக்கும், கை நுழையும். புரட்டாசியில் புழுதி விதைப்புப் போட்டுவிட்டு மேகம் பார்த்து உட்கார்ந்திருப்போம். முதல் மழை மேலே நிற்காது, வெடிப்பு வழியாக நேரே பாதாளத்துக்குப் போகும். அப்புறம் களி உப்பி வாயை மூடிக்கொள்ளும்.

கவனித்துப் பாருங்கள், மண் நனைந்த பிறகு அதே வெயில் அவ்வளவு சுடாது. வெயிலின் சூடு தண்ணீரை ஆவியாக்கப் போய்விடுகிறது, காற்றைச் சூடாக்க மிச்சமில்லை. அந்த ஈரத்திலும் மார்கழி, தைப் பனியிலும்தான் எங்கள் கொண்டைக்கடலையும் மல்லியும் விளைகின்றன. பனிக்கு வானம் தெளிவாக இருக்க வேண்டும். மேகம் மூடினால் தரையின் சூடு திரும்பி வந்துவிடும், இலை நனையாது. மூட்டமான ராத்திரிக்கு அடுத்த நாள் காலையில் செடியைத் தொட்டால் காய்ந்திருக்கும்.

தாமிரபரணித் தம்பி:
அப்போ 2023 டிசம்பர்? மலை இல்லாத காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.! அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? என் சித்தி வீட்டில் தரைத்தளம் முழுசும் போச்சு.

பாளை வாத்தியார்:
தம்பி, சித்தி வீட்டார் நலமாக இருக்கட்டும். 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பக்கம் ஒரு கீழடுக்குச் சுழற்சி. புயலுமில்லை, பேருமில்லை. நகராமல் நின்றதுதான் வினை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலும் பயணிகளும் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும்.

95 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டரில் 950 லிட்டர். அவ்வளவு நீராவி காயல்பட்டினத்துக்கு மேலே ஒரு நேரத்தில் இருக்கவே முடியாது. நம் பக்கத்து வானத்தில் தரையிலிருந்து உச்சி வரை உள்ள நீராவி மொத்தத்தையும் ஒரேயடியாகப் பிழிந்தாலும் 6, 7 செ.மீ. தேறினால் அதிகம். அப்படியென்றால் கடலிலிருந்து புதுக் காற்று வந்துகொண்டே இருந்திருக்கிறது, வந்தது அதே இடத்தில் மேலே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. லிட்டருக்கு 2,450 கிலோஜூல் என்றேன் அல்லவா? 950 லிட்டருக்குப் பெருக்கி மின்சார யூனிட்டாக மாற்றினால் 640-க்கு மேல் வரும். ஒரே சதுர மீட்டரில். 2016-இல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று அறிவித்த 100 யூனிட்டோடு வைத்துப் பாருங்கள். மழை பெய்யப் பெய்ய இந்த வெப்பம் மேலே காற்றில் சேருகிறது. சூடான காற்று இன்னும் ஏறுகிறது, கீழே இன்னும் ஈரக்காற்றை இழுக்கிறது. கடல் சூடாக இருக்கும்வரை இந்த எந்திரத்துக்கு எரிபொருள் தீராது.

வள்ளியூர் சம்சாரி:
இவ்வளவையும் படித்தேன். காத்தாடி மேகத்தை வெட்டவில்லை, சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் என் தோட்டத்துக்கு மேற்கே வரிசையாக நிற்கிறது. அதைத் தாண்டி வரும் காற்று நேராக அடிக்கும் பாத்தி சீக்கிரம் காய்கிறது என்று என் கண்ணுக்குப் படுகிறது. இதையும் இல்லை என்பீர்களா?

பாளை வாத்தியார்:
இல்லை என்று சொல்ல மாட்டேன். தெளிந்த இரவில் தரையோரம் குளிர்ந்த காற்று தேங்கும், மேலே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். சுற்றுகிற றெக்கை இரண்டையும் கலக்கிவிடும். அதனால் பக்கத்துத் தோட்டத்தில் இரவு சற்றுச் சூடு கூடலாம், பனி குறையலாம். அது பக்கத்து வயல் சமாச்சாரம், மழை சமாச்சாரம் இல்லை. பகலில் சீக்கிரம் காய்வதற்கு உங்கள் ஆனிக் காற்றே போதும். வரப்பில் மேற்குப் பக்கம் நெருக்கமாக அகத்தியோ சவுக்கோ வைத்துப் பாருங்கள், வாழையும் கிழியாது.

என் கணக்கையும் நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஆளுக்குச் சாதாரணத் தெர்மாமீட்டர் இரண்டு போதும். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணி சுற்றித் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஒரே நாள், ஒரே நேரம், ஒருவர் செங்கோட்டையில், ஒருவர் பாளையில். காய்ந்த தெர்மாமீட்டர் இரண்டு ஊரிலும் பத்து டிகிரி பக்கம் வித்தியாசம் காட்டும். ஈரத்துணி சுற்றியதோ ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காற்று ஏறினாலும் இறங்கினாலும், மழையைக் கொட்டினாலும், அந்த ஈரத்துணி அளவு அவ்வளவாக மாறாது. இரண்டு ஊரிலும் அடிப்பது ஒரே காற்றுதானா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

செங்கோட்டைக்காரன்:
செங்கோட்டைக்கு நான் பொறுப்பு. இரண்டு தெர்மாமீட்டரும் வாங்கிவிடுகிறேன். காய்ச்சல் பார்ப்பது ஆகாதுதானே?

பாளை வாத்தியார்:
ஆகாது, அது இறங்காது. பள்ளிக்கூட ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் 0 முதல் 50 டிகிரி வரை காட்டுவது கேளுங்கள். வாங்கும்போதே இரண்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் வைத்து ஒன்றாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் படாமல் நிழலில், காற்றுப் படும்படி மாட்ட வேண்டும். துணி காயவிடக் கூடாது.

வள்ளியூர் சம்சாரி:
பாளைக்கு வேண்டாம் சார், வள்ளியூரில் நானே வைக்கிறேன். ஆடி முதல் வெள்ளி, மத்தியானம் இரண்டு மணி. செங்கோட்டைத் தம்பி, அன்றைக்கு மறக்காமல் போன் போடு.